கண்டதை மட்டும் எழுதிய மருத்துவர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பாடியில் உள்ள என் இல்லத்துக்குத் தம்பியின் மகன் வந்திருந்தான். கையில் ஓர் அட்டைப்பெட்டி. மூளையின் நினைவாற்றலைக் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் என்று அதன்மேல் அச்சிடப்பட்டிருந்தது. மாதத்துக்கு நான்காயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறதாம். ஓராண்டாகத் தன் தந்தைக்கு அதைக் கொடுத்து வருகிறான். இப்போது தானும் அதைச் சாப்பிடத் தொடங்கலாமா என்று என்னிடம் கேட்பதற்காக வந்திருந்தான். அவனுக்கு வயது 29. திருமணத்துக்குப் பெண் பார்த்து வருகிறார்கள்.

என் தம்பி இங்குள்ள ஒரு தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தவன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான் என்று பெயர் பெற்றவன். 55-ஆவது வயதில், அன்றாடம் போய்வந்த பாதையில் திருவலிதாயம் கோயில் தெருவின் முனையில் நின்றுகொண்டு, வீடு எந்தப் பக்கம் என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டான். எங்கள் தாயாருக்கும் ஏறத்தாழ அதே வயதில்தான் மறதி தொடங்கியது. அன்று அதற்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர்கூட இல்லை. புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி, கதவைத் தாழிட்டு வைத்தோம். தம்பியைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர், இது அல்சைமர் நோய் என்றும், இளம் வயதில் இரு தலைமுறைகளில் தோன்றியிருப்பதால் பரம்பரையாக வரும் வகையாக இருக்க வாய்ப்புண்டு என்றும் தெரிவித்தார்.

நான் பொருளியல் படித்தவன், மருத்துவம் அறியாதவன். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அதை முதலில் கண்டவர் எவ்வாறு கண்டார் என்பதிலிருந்து தொடங்குவது என் வழக்கம். அப்படித்தான் அலாய்ஸ் அல்சைமரின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. தம்பி மகனின் கேள்விக்கு நான் சொன்ன விடை, 110 ஆண்டுகளுக்கு முன் மறைந்த அந்த ஜெர்மானிய மருத்துவரிடமிருந்து கற்றதே ஆகும்.

அல்சைமர் 1864-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், பவேரியாவில் மைன் ஆற்றங்கரையில் உள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை எட்வர்ட், ஆவணங்களைப் பதிவு செய்யும் அரசு நோட்டரி. முதல் மனைவி குழந்தைப்பேற்றுக் காய்ச்சலில் இறந்தபின், அவருடைய தங்கையையே மணந்துகொண்டார். அவருக்குப் பிறந்தவர் அலாய்ஸ். அஷாஃபென்பர்க் நகரில் பள்ளிப் படிப்பை முடித்து, பெர்லின், டூபிங்கன், வூர்ஸ்பர்க் ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். 1887-இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு காதில் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது. பெருமை சேர்க்கும் பொருளன்று. ஆனால், நுண்ணோக்கியின் வழியே பொறுமையாகப் பார்த்து, பார்த்ததைப் படமாக வரையும் பழக்கம் அந்த ஆய்விலேயே அவருக்கு வாய்த்துவிட்டது.

1888 டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சியின் மனநோய், வலிப்புநோய் மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அதன் இயக்குநர் எமில் சியோலி. நோயாளிகளைக் கட்டிப்போடுவதும் தனியறையில் அடைப்பதும் பரவலாக இருந்த காலம் அது. சியோலியும் அல்சைமரும் கட்டுகளைத் தவிர்த்தனர். கொந்தளிப்பில் இருப்பவர்களை வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் அமரவைத்து அமைதிப்படுத்தினர். நோயாளிகளுடன் உட்கார்ந்து பேசினர். மறு ஆண்டு ஃபிரான்ஸ் நிஸில் அங்கு வந்து சேர்ந்தார். நரம்பு செல்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் முறையைக் கண்டறிந்தவர் அவர். பகலில் நோயாளிகள், இரவில் நுண்ணோக்கி என்று இருவரின் பணியும் நண்பர்களாக ஒன்றாகவே நடந்தது.

1890-களின் நடுவில் அல்சைமர், செசிலி கைசன்ஹைமர் என்னும் செல்வந்தக் கைம்பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். 1901 பிப்ரவரியில் செசிலி இறந்துபோனார். அப்போது அல்சைமருக்கு வயது 36. கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதுதான். அவருடைய தங்கை வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். மருத்துவமனையே அவருக்கு உலகம் ஆனது. அந்த ஆண்டின் நவம்பர் 25-ஆம் நாள்தான், பின்னர் அவருடைய பெயருடன் என்றென்றைக்கும் இணைந்துவிட்ட ஒரு பெண்மணி அங்கு அனுமதிக்கப்பட்டார்.

அகுஸ்டே டேட்டர் என்பது அவர் பெயர். வயது 51. கணவர் ரயில்வே எழுத்தர். கணவர்மீது காரணமில்லாத சந்தேகத்துடன் நோய் தொடங்கியது. பிறகு சமையலில் தவறுகள் வந்தன. பொருள்களை எங்கெங்கோ ஒளித்துவைத்தார். யாரோ தன்னைக் கொல்ல வருவதாக அலறினார். அல்சைமர் அவர் அருகில் அமர்ந்து, எளிய கேள்விகளைக் கேட்டு, கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதிவைத்தார். பென்சில், பேனா, சாவி, பணப்பை ஆகியவற்றைக் காட்டிப் பெயர் கேட்டார். சரியாகச் சொன்னவர், சற்று நேரத்தில் எதைப் பார்த்தோம் என்பதையே மறந்துவிட்டார். பெயரை எழுதச் சொன்னபோது, திருமதி என்று மட்டும் எழுதிவிட்டு நின்றார். மதிய உணவில் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் உண்டுகொண்டே, தாம் உண்பது கீரை என்றார்.

இந்தக் குறிப்புகளைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஓய்வூதியம் வாங்கும் வங்கியில் கையெழுத்துப் போடத் தம்பி தடுமாறியதும், முன்னெழுத்தை மட்டும் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தன. கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே அது முருங்கைக்காய் என்று அவன் சொன்னபோது நாங்கள் சிரித்துவிட்டோம். நூற்றாண்டுக்கு முன் ஒரு மருத்துவர் அத்தகைய ஒரு பதிலைக் கேட்டுச் சிரிக்கவில்லை, எழுதிவைத்தார்.

1903-இல் அல்சைமர் ஃபிராங்க்ஃபர்ட்டை விட்டு, அக்காலத்தின் புகழ்பெற்ற மனநல அறிஞரான எமில் கிரெப்லினிடம் சென்றார். முதலில் ஹைடல்பர்க், அடுத்து மியூனிக். மியூனிக்கில் தொடக்கத்தில் அவருக்கு ஊதியம் இல்லை. மனைவி விட்டுச்சென்ற செல்வத்தில் வாழ்ந்தார். அங்கு அவர் அமைத்த ஆய்வகத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் வந்தனர். பின்னாளில் தத்தம் பெயரால் நோய்களும் நுண்கூறுகளும் அழைக்கப்பட்ட குரொய்ட்ஸ்ஃபெல்ட், யாக்கோப், லேவி ஆகியோர் அவர்களுள் அடங்குவர். ஒவ்வொரு மாணவரின் அருகிலும் அமர்ந்து நுண்ணோக்கியில் பார்த்து விளக்குவாராம். பேச்சின் ஆர்வத்தில் கையிலிருந்த சுருட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவாராம். மாலையில் எல்லா மேசைகளிலும் ஒரு பாதிச் சுருட்டு கிடக்கும் என்று மாணவர்கள் பின்னர் நினைவுகூர்ந்துள்ளனர்.

ஊர் மாறினாலும் அகுஸ்டே டேட்டரை அவர் மறக்கவில்லை. அந்த அம்மையார் 1906 ஏப்ரல் 8-ஆம் நாள் படுக்கைப் புண்ணின் நச்சு இரத்தத்தில் கலந்து இறந்தார். மருத்துவக் குறிப்பேடும் மூளையும் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மியூனிக்குக்கு அனுப்பப்பட்டன. சில ஆண்டுகளுக்கு முன்புதான் பீல்ஷோவ்ஸ்கி வெள்ளியைக் கொண்டு நரம்பிழைகளைக் கறுப்பாகக் காட்டும் சாயமுறையைக் கண்டறிந்திருந்தார். அந்த முறையில் பார்த்தபோது, சுருங்கிப்போன மூளையில் நரம்பு செல்களுக்குள்ளே முறுக்கிய நூல்போலச் சிக்கல்கள் தெரிந்தன. செல்களுக்கு வெளியே தினையளவினும் சிறிய புள்ளிகளாக ஏதோ ஒரு பொருள் படிந்திருந்தது. இவ்விரண்டையும் இன்று எல்லாப் பாடநூல்களும் பேசுகின்றன. ஆனால், அவர் மூன்றாவதாக ஒன்றையும் எழுதியிருந்தார். நரம்பு செல்களைத் தாங்கிப் பேணும் கிளியா என்னும் துணைச் செல்களில் கொழுப்புத் திவலைகள் பெரிது பெரிதாகச் சேர்ந்திருந்தன.

அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் டூபிங்கனில் நடந்த தென்மேற்கு ஜெர்மானிய மனநல மருத்துவர் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தார். அவையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலைவர் அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டார். மறு ஆண்டு வெளிவந்த கட்டுரையும் மிகச் சுருக்கமானது. இது இதுவரை அறியப்படாத ஒரு நிலை என்பதற்குமேல் அவர் பெரிதாக ஒன்றும் உரிமை கோரவில்லை.

1910-இல் கிரெப்லின் தம் பாடநூலின் புதிய பதிப்பில் அதற்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார். பிராக் நகரில் ஆஸ்கர் ஃபிஷர் என்பவரும் 1907-இலேயே முதியவர்கள் பலரின் மூளையில் இத்தகைய படிவுகளைக் கண்டு எழுதியிருந்தார். யூதரான அவர் பின்னர் நாஜிகளின் முகாமில் இறந்தார். அவரது பெயர் நிலைக்கவில்லை. தம் பெயர் நிலைத்துவிட்ட அல்சைமரோ, இது தனியொரு நோய்தானா, முதுமையில் வரும் மறதியே முன்கூட்டி வந்ததா என்ற ஐயத்தை 1911-இல் வெளிப்படையாக எழுதினார். அதே கட்டுரையில் அவர் விவரித்த இரண்டாவது நோயாளி, 56 வயதுத் தொழிலாளி. அவருடைய மூளையில் படிவுகள் மட்டுமே இருந்தன, சிக்கல்கள் இல்லை. தம் பெயரைத் தாங்கிய நோயின் இலக்கணத்துக்கே பொருந்தாத சான்றை அவர் மறைக்கவில்லை. ஆராய்ச்சித் துறையில் நாற்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இது எவ்வளவு அரிய குணம் என்பதை நான் அறிவேன்.

அவர் கண்ட மூன்றாவது பொருளான கொழுப்புக்கு வருவோம். தம்பி மகன் கொண்டுவந்த பெட்டிக்கும் அதற்கும் தொடர்புண்டு. நம் மூளையின் எடை உடலின் எடையில் சுமார் 2 விழுக்காடு. ஆனால், ஓய்வில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜனை எரித்து ஆற்றல் பெறும்போது, அடுப்பிலிருந்து தெறிக்கும் பொறிபோல, வினைத்திறன் மிகுந்த துணுக்குகள் உண்டாகின்றன. அவை கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் தாக்குகின்றன. திறந்துவைத்த எண்ணெய் நாள்பட்டால் கெட்டு நாறுவதும் இவ்வகை வினைதான். மூளையோ எளிதில் கெடக்கூடிய கொழுப்பால் நிறைந்தது. இந்தத் தாக்குதலைத் தடுக்க உடலிலேயே நொதிகளும் குளூட்டதயோன் போன்ற பொருள்களும் உள்ளன. உணவிலிருந்து வைட்டமின் சி, இ ஆகியவை வருகின்றன. வரவைவிடச் செலவு மிகுந்து, தடுப்பைவிடத் தாக்குதல் ஓங்கும் நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். அண்மைக் கால ஆய்வுகள், நரம்பு செல்கள் இவ்வாறு கெட்ட கொழுப்பைத் துணைச் செல்களிடம் தள்ளிவிடுகின்றன என்றும், அவை அதைத் திவலைகளாகச் சேர்த்துவைக்கின்றன என்றும் காட்டுகின்றன. அல்சைமர் எழுதிவிட்டுப்போன அந்த வரிக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் பொருள் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது.

பரம்பரையாக வரும் வகை, மொத்த அல்சைமர் நோயாளிகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. படிவில் உள்ள அமைலாய்டு புரதத்தின் மூலத்தை உருவாக்கும் மரபணு 21-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஏற்பட்ட மாற்றம் நோயை உண்டாக்குவதை 1991-இல் லண்டன் ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்தில் கண்டறிந்தனர். 1995-இல் பிரெசெனிலின் என்னும் இரண்டு மரபணுக்கள் தெரியவந்தன. இம்மூன்றில் ஒன்றில் நோய் தரும் மாற்றம் பெற்றோர் ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. பாகப்பிரிவினையில் நான்கு பிள்ளைகள் இருந்தால் பங்கு சிறுத்துவிடும். இதில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் அதே பாதிதான். எனக்கு வயது 67. தாயாருக்கு நோய் தொடங்கிய வயதைக் கடந்துவிட்டேன். அந்த நாணயம் எனக்கு ஒரு பக்கமும் தம்பிக்கு மறுபக்கமும் விழுந்திருக்கக்கூடும் என்ற நினைவு என்னை உறுத்தாத நாளில்லை.

அகுஸ்டே டேட்டருக்கு வந்தது பரம்பரை நோய்தானா? அவரது குறிப்பேடு 1995-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கிடைத்தது. மூளைத் துண்டுகள் பதிந்த கண்ணாடிச் சில்லுகளும் அடுத்த சில ஆண்டுகளில் மியூனிக்கில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றிலிருந்து எடுத்த மரபணுவில் பிரெசெனிலின் மாற்றம் இருப்பதாக 2013-இல் ஓர் ஆய்வுக் குழு அறிவித்தது. 2014-இல் மற்றொரு குழு, அவருடைய திசுவை ஆராய்ந்து, அந்த மாற்றம் இல்லை என்று எழுதியது. நோயின் முதல் நோயாளி பற்றிய முதல் கேள்விக்கே இன்னும் விடை முடிவாகவில்லை.

இங்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் துணுக்குகளை அடக்கும் முதன்மை நொதிகளுள் ஒன்றின் மரபணுவும் அதே 21-ஆவது குரோமோசோமில்தான் இருக்கிறது. டவுன் நோய்க்குறியுடன் பிறப்பவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்று இருப்பதால், அமைலாய்டும் மிகுகிறது, அந்த நொதியும் மிகுகிறது. 40 வயதுக்குள் அவர்களில் ஏறத்தாழ அனைவரின் மூளையிலும் அல்சைமரின் படிவுகள் காணப்படுகின்றன. காக்கும் நொதி ஒன்று கூடுதலாக இருப்பது அவர்களைக் காக்கவில்லை. அந்த நொதி தாக்குதலின் முதல் கட்டத்தை அடக்கி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அதை அப்புறப்படுத்தும் அடுத்த நொதிகளும் ஈடுகொடுக்க வேண்டும். ஒரு துறையில் மட்டும் முதலீட்டைக் கூட்டினால், சரக்கு அடுத்த துறையின் வாசலில் தேங்கும்.

பரம்பரை அல்சைமரால் இறந்தவர்களின் நரம்பு செல்களிலும் ஆக்சிஜனேற்றச் சிதைவின் தடயங்கள் காணப்பட்டுள்ளன. படிவுகள் பெருகுவதற்கு முன்பே இச்சிதைவு மிகுதியாக இருக்கிறது என்று கருதும் ஆய்வாளர்கள் உள்ளனர். அல்சைமர் நோயாளிகளின் இரத்தத்தில் வைட்டமின் ஏ, சி, இ ஆகியவற்றின் அளவு சராசரியாகக் குறைந்திருப்பதையும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டுள்ளனர். பெட்டியை விற்பவர்கள் நிற்கும் தரை இதுதான். அது முழுக்கப் பொய்யன்று.

ஆனால், குறைவாக இருப்பதனால் நோய் வந்ததா, நோய் வந்ததனால் குறைந்ததா? உணவையே மறந்துவிடுபவரின் இரத்தத்தில் வைட்டமின் குறைவாகத்தானே இருக்கும். பொருளியலில் நாங்கள் முதலாண்டு மாணவனுக்குச் சொல்லித்தரும் எச்சரிக்கை இது. தீப்பிடித்த தெருவில் தீயணைப்பு வண்டிகள் மிகுதியாக நிற்பதைக் கண்டு, வண்டிகளே தீயை மூட்டின என்று முடிவு கட்டக்கூடாது. தடுப்பு நொதிகளின் அளவும் அப்படித்தான். சில இடங்களில் தாக்குதலுக்கு விடையாக உயர்ந்தும், சில இடங்களில் செலவாகிக் குறைந்தும் காணப்படுகிறது. எது முன், எது பின் என்பதை அறிய, நோய் வருவதற்கு முன்பே மக்களைப் பின்தொடர வேண்டும். பரம்பரைக் குடும்பங்கள் அறிவியலுக்கு முக்கியமாவது இதனால்தான். யாருக்கு வரும் என்பதைப் பல்லாண்டுகளுக்கு முன்பே அறிய இயல்கிறது. 2008-இல் அமெரிக்காவில் தொடங்கிய பன்னாட்டு ஆய்வு ஒன்றும், கொலம்பியாவின் ஆன்டியோகியா மலைப்பகுதியில் ஒரே மரபணு மாற்றத்தைச் சுமக்கும் பெருங்குடும்பத்தில் நடந்துவரும் ஆய்வும் அவ்வகையின.

மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் என்ன கூறின? 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோய் ஓரளவு முற்றிய 341 பேரில் மிக அதிக அளவு வைட்டமின் இ பெற்றவர்களுக்குச் செயலிழப்பு சில மாதங்கள் தள்ளிப்போயிற்று, நினைவாற்றல் மேம்படவில்லை. நம்பிக்கை பிறந்தது. 2005-இல், நோயின் முன்நிலையில் இருந்த 769 பேரிடம் மூன்றாண்டுகள் நடந்த சோதனையில் அதே வைட்டமின் நோயைத் தடுக்கவில்லை. 2012-இல் ஒரு சிறிய சோதனையில் வைட்டமின் இ, சி, லிப்போயிக் அமிலம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்தனர். மூளைத் தண்டுவட நீரில் ஆக்சிஜனேற்றச் சிதைவின் அளவு உண்மையிலேயே குறைந்தது. ஆயினும் அக்குழுவினரின் அறிவாற்றல் மற்றவர்களைவிட விரைவாகச் சரிந்தது. 2017-இல் வெளியான ஆய்வில், 7,540 ஆண்களுக்கு வைட்டமின் இ, செலினியம் ஆகியன கொடுத்தும் மறதிநோய் குறையவில்லை. இதன் தாய் ஆய்வு, வைட்டமின் இ மட்டும் எடுத்தவர்களிடையே புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் 17 விழுக்காடு மிகுந்ததை 2011-இல் தெரிவித்திருந்தது. நாம் தீது என்று நினைக்கும் ஆக்சிஜன் துணுக்குகளைக் கொண்டுதான் வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்கின்றன. செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பவும் அவை உதவுகின்றன. அவற்றை முற்றிலும் துடைத்துவிடுவது நலமாகாது.

பெட்டியில் அச்சிடப்பட்ட வாசகத்துக்கும் இந்த முடிவுகளுக்கும் இடையில் எவ்வளவு தொலைவு! ஆக்சிஜனேற்ற அழுத்தம் நோயில் இருக்கிறது என்பது கண்டது. மாத்திரை நோயைத் தடுக்கும் என்பது விரும்பியது. விற்பவருக்கு விரும்பியது போதும். வாங்குபவரிடம் எஞ்சியிருப்பது அச்சம் மட்டுமே என்பதால், அங்கே விலை கேட்கப்படுவதில்லை. தகவல் ஒரு பக்கமும் தவிப்பு மறுபக்கமும் குவிந்துள்ள சந்தை நியாயமாக இயங்காது என்பதை வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறேன். என் குடும்பத்திலிருந்தே அதற்கு எடுத்துக்காட்டுக் கிடைக்கும் என்று எண்ணியதில்லை.

1912-இல் அல்சைமருக்குப் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியும் மனநல மருத்துவமனையின் தலைமையும் கிடைத்தன. இன்று போலந்தில் உள்ள அந்நகருக்குச் செல்லும் ரயில் பயணத்திலேயே நோயுற்றார். தொற்று இதயத்தையும் தாக்கியது. அதிலிருந்து அவர் முழுமையாக மீளவில்லை. ஆயினும் வகுப்பெடுத்தார், நோயாளிகளைப் பார்த்தார், போர் தொடங்கியபின் பெருகிய பணிச்சுமையையும் ஏற்றார். 1915 டிசம்பர் 19-ஆம் நாள் காலமானார். அகுஸ்டே டேட்டர் மருத்துவமனைக்கு வந்தபோது இருந்த அதே 51 வயதுதான் அவருக்கு. ஃபிராங்க்ஃபர்ட்டில் மனைவியின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குக் கிடைத்த வாழ்நாளில் அந்த நோய்க்கு அவரால் ஒரு மருந்தும் தர இயலவில்லை. இருப்பதாக அவர் ஒருபோதும் சொல்லவும் இல்லை.

தம்பி மகனிடம் நான் சொன்னது இதுதான். இந்த மாத்திரை அவனைக் காக்கும் என்பதற்குச் சான்றில்லை; அவன் தந்தைக்கு ஏற்கெனவே மருத்துவர் எழுதிய மருந்துகளுடன் இது ஒத்துப்போகுமா என்பதை அந்த மருத்துவரிடமே கேட்க வேண்டும். மரபணுச் சோதனை செய்துகொள்வதும் செய்யாமல் இருப்பதும் அவனுடைய உரிமை. பெரியப்பா என்ற முறையில் நான் வற்புறுத்தக்கூடாது. சோதனையை முதலில் தம்பிக்குச் செய்து, அவனிடம் மாற்றம் இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பின்னரே மகனுக்குச் செய்வதில் பொருளுண்டு. அதற்கும் முன்பாக, மரபணு ஆலோசகர் ஒருவருடன் அமர்ந்து, விடை எதுவாயினும் என்ன செய்வோம் என்பதைப் பேசிவிட வேண்டும். மணக்கப்போகும் பெண்ணிடம் தந்தையின் நோயை மறைக்கக்கூடாது என்று மட்டும் சற்று அழுத்தியே சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, மறைக்கும் எண்ணம் தனக்கும் இல்லை என்றான்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, செவித்திறன் ஆகியவற்றைக் கவனிப்பதும், உடலுழைப்பும், புகையிலையைத் தவிர்ப்பதும் பொதுவான மறதிநோயின் வாய்ப்பைக் குறைக்கும் என்பதற்கு மாத்திரையைவிட வலுவான சான்றுகள் உள்ளன. பரம்பரை வகையை அவை தடுத்துவிடும் என்று சொல்ல இயலாது. ஆயினும் அவற்றுக்கு நான்காயிரம் ரூபாய் ஆகாது.

அந்தப் பணத்தை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டுள்ளது. 1990-களிலேயே திருப்போரூர் வட்டாரத்தில் நடந்த ஓர் ஆய்வு, நம் கிராமங்களில் மறதிநோய் இல்லை என்ற எண்ணத்தைப் பொய்யாக்கியது. இவர்களில் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்பவர்கள் மனைவியரும் மகள்களும் மருமகள்களும்தான். அவர்களின் உழைப்பு எந்த வருமானக் கணக்கிலும் வராது. என் தம்பி மனைவி ஐந்தாண்டுகளாக ஒரு முழு இரவு உறங்கியதில்லை. பாடி, அம்பத்தூர், கொரட்டூர் போன்ற தொழிலாளர் குடியிருப்புகளில், பகல் நேரத்தில் மட்டுமாவது மறதிநோயாளிகளை விட்டுச்செல்லக்கூடிய மையங்களை உள்ளாட்சியும் ஆலைகளும் சேர்ந்து நடத்த முடியும். ஆலைகளில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு அது சலுகையன்று. அதுவரையில், தம்பி மகன் மாதந்தோறும் அந்த நான்காயிரத்தை, வாரத்தில் மூன்று பிற்பகல்கள் வந்து தந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஓர் உதவியாளருக்குத் தருவதென முடிவு செய்திருக்கிறான். அந்த மூன்று பிற்பகல்களில் அவன் தாய் உறங்குகிறார்.

நானும் ஒரு குறிப்பேடு வாங்கியிருக்கிறேன். மாலையில் தம்பியைக் கோயில் குளம் வரை அழைத்துச் சென்று திரும்பியபின் அன்றன்றைக்குக் கண்டதை எழுதுகிறேன். அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுவதற்காக. நேற்றைய குறிப்பு இது: என் பெயரைக் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. குளத்துப் படியில் என் கால் இடறியபோது, சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டான்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), பாடி, சென்னை.